குட்டையைச் சுற்றிப் போன கோடு

கொடி என் கையில் இருந்தது. அக்காவின் பழைய சிவப்புத் தாவணியில் ஒரு முழம் கிழித்து, ஒட்டடைக் கம்பில் கட்டிய கொடி.

நான் நின்றிருந்த இடத்துக்கு மேலே தூங்குமூஞ்சி மரம் குடை பிடித்திருந்தது. காலை மழையில் ஊறிய புல், மதிய வெயிலில் வெந்து, ஈரத்துணியை இஸ்திரி போடும்போது வருமே, அந்த வாசனையைக் கிளப்பிக்கொண்டிருந்தது. என் காலில் புத்தம் புதிய வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து.

மைதானத்தின் நடுவிலிருந்து அந்தோணி ஓடி வந்தான். பந்து அவன் நெஞ்சில். பின்னால் மூன்று பேர். ஓரக்கோட்டை ஒட்டி, நேராக, என்னை நோக்கி.

அவன் வாய் திறந்திருந்தது. சிரிக்கிறானா, மூச்சு வாங்குகிறானா என்று தெரியவில்லை. கடைசிக் கோட்டுக்கு இன்னும் இருபது தப்படி இருக்கும். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. கூட்டம் என்றால் நாற்பது பேர்.

அந்த ஓட்டத்தை நிறுத்தியவன் நான்.

போன வாரம் இந்த இதழில் எழுதியதில் கல்லூரி முதல்வர் எனக்குக் கொடுத்த நற்சான்றிதழைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். 'அப்பழுக்கற்ற நேர்மை' என்று அதில் இருந்ததையும் சொல்லிவைத்தேன். அதைப் படித்துவிட்டுப் பூன் லேயிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். தம் பிள்ளைகளுக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினாராம். 'உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும்' என்கிறார்.

அம்மா, என்னைப் போல ஒருவன் இருந்தே ஒரு கல்லூரி அணி கலைந்துபோனது. நாலு பேர் வேண்டாம்.

பப்பாளிப் பந்து

ரக்பி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முப்பது பேர் ஒரு பப்பாளிப் பழத்துக்காக அடித்துக்கொள்வது. பந்து உருண்டையாக இருக்காது. கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, எதிர் அணியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். வைத்தால் மூன்று புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தும் புள்ளி வாங்கலாம். ஓடுகிறவன் ஓரக்கோட்டை மிதித்தால் வெளியே போனதாகக் கணக்கு, ஓட்டம் செல்லாது.

மிதித்தானா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒவ்வோர் அணியும் ஓர் ஆளைக் கொடுக்கும். அவன்தான் லைன்ஸ்மேன். ஆடத் தெரியாத, ஆனால் அணியைவிட்டுப் போகவும் மாட்டேன் என்கிற ஆளுக்கென்றே கண்டுபிடித்த பதவி அது.

நான் அப்போது இருந்த இருப்புக்கு, என்னை அணியில் சேர்த்திருந்தால் எதிரிகள் பந்தோடு என்னையும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஆகவே கொடி பிடித்தேன். காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஆட்டம் முடிந்ததும் மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் தட்டை நீட்டினேன். அதைத் தின்ன முதல் ஆளாக இருந்தேன். மறுநாள் கல்லூரிச் செய்தித்தாளில் ஆட்டத்தைப் பற்றி எழுதினேன்.

அந்தோணி வீராசாமி ரோட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடித்த பிறகுதான் எழுந்திருப்பான். இரண்டாவது மணிக்குள் கோயிலில் இருப்பான். அப்படி ஓடிப் பழகிய கால். நான் ரேஸ் கோர்ஸ் ரோடு. தினமும் காலையில் அவன் சைக்கிளில் வந்து, எங்கள் வீட்டு வாசலில் மணியை அடிக்காமல் வாயாலேயே மணி அடிப்பான். பின்சீட்டில் நான். ஆறு மைல். ஏற்றம் வந்தால் நான் இறங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நான் இறங்கியதாக நினைவில்லை.

தோல்விக்கு எத்தனை பெயர்

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்டால் மழை அதிகம் பெய்த வருஷம் என்பேன். ரக்பி மழைக்காலத்து ஆட்டம்.

எங்கள் கல்லூரி இப்போது இல்லை; இடித்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். அந்தப் பருவத்தில் எங்களுக்கு ஏழு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் நாற்பத்தொன்றுக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள். 'அனுபவம் பெற்றோம்' என்று எழுதினேன்.

இரண்டாவதில் முப்பத்து மூன்றுக்குப் பூஜ்யம். 'எட்டுப் புள்ளி முன்னேற்றம்' என்று எழுதினேன். மூன்றாவதில் எங்கள் ஆள் ஒருவனுக்குத் தோள் இறங்கிவிட்டது. மாற்றாள் இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. பதினாலு பேரோடு ஆடித் தோற்றோம். 'ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் தோல்வி சிறியதே' என்று எழுதினேன்.

சிரிக்காதீர்கள். இருபது வருஷமாக நான் பிழைக்கிற பிழைப்புக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி போட்டேன்.

எங்கள் கேப்டன் கிம் செங். கழுத்தே இல்லாத பையன். தோளிலிருந்து நேராகத் தலை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு அவன் ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் பேசியது ஆங்கிலமும் மலாயும். தமிழில் இப்படி வரும்:

"டேய், நீ எழுதுறதைப் படிச்சா நாம ஜெயிச்ச மாதிரியே இருக்கு லா. எங்க அம்மா என்னைப் பாராட்டுறாங்க."

"தாயை ஏன்டா ஏமாத்துறேன்னு கேக்குறியா?"

"இல்ல. அடுத்த வாரமும் அப்படியே எழுது."

நாலு, ஐந்து, ஆறு. எல்லாம் தோல்வி.

ஆறாவதுக்குப் பிறகு முதல்வர் துரை எங்களைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். நெட்டையான வெள்ளைக்காரர். வார்த்தையில் சுத்தமானவர். அதுதான் அவரிடம் பயமே. சோதனைக்கூடம் கட்ட மைதானத்தின் ஒரு பகுதியைக் கேட்கிறார்கள் என்றார். ஜெயிக்கிற அணி இருந்தால் மறுத்துச் சொல்லலாம், தோற்கிற அணியை வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்றார்.

"ஒரு வெற்றி. ஒன்றே ஒன்று. கிடைத்தால் அடுத்த வருஷமும் ரக்பி உண்டு. இல்லாவிட்டால் இல்லை."

வெளியே வந்ததும் எல்லோரும் அந்தோணியைத்தான் பார்த்தார்கள். கிம் செங்குக்கு அது கடைசி வருஷம். அடுத்த வருஷக் கேப்டன் அந்தோணி என்று முன்பே பேசி முடித்திருந்தோம். பிறந்ததிலிருந்து எதிலும் முதல் ஆளாக நின்றிராத பையன். வகுப்பில் கடைசி வரிசை, வீட்டில் ஆறு பேரில் ஐந்தாவது. கேப்டன் என்று சொன்ன நாளிலிருந்து சைக்கிளில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மெதுவாகவே மிதித்தான். சிராங்கூன் ரோட்டில் திரும்பும்போது சொன்னான்: "ஒண்ணுதானேடா கேக்குறாரு கணேசா. ஒண்ணு."

பால் டின்

கோடு போடுவதற்குச் சக்கரம் வைத்த இயந்திரம் ஒன்று கல்லூரியில் இருந்தது. அந்தப் பருவத்தின் மூன்றாவது வாரத்தில் சக்கரம் கழன்றது. அதற்குப் பிறகு என் முறை இதுதான்: மண்ணெண்ணெய் டின்னில் சுண்ணாம்பைக் கரைப்பேன். கோப்பிக்கடையில் கோப்பி கட்டித் தருகிற காலிப் பால் டின் ஒன்றில் அதை மொண்டு, டின்னின் விளிம்பை நசுக்கி மூக்கு மாதிரி செய்து, அதன் வழியே ஊற்றிக்கொண்டே நடப்பேன். கோடு நேராக வர ஒரு கயிறு வேண்டும். இந்த மூலையில் ஒருவன், அந்த மூலையில் ஒருவன் இழுத்துப் பிடித்துக் குச்சியில் கட்ட வேண்டும். கயிற்றின் இன்னொரு முனை எப்போதும் அந்தோணி.

ஏழாவது ஆட்டத்தன்று காலையிலும் வந்து நின்றான். மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"வாடா, கயிறு பிடிக்கலாம்."

"வேணாம். நீ சைக்கிள் கொட்டகையில போய்ப் படு. சாயங்காலம் ஓட வேண்டிய காலு."

"ஒத்தையில எப்படிடா போடுவ? கோணலாப் போயிரும்."

"என் கண்ணு ஸ்கேல் மாதிரி."

"ஸ்கேலுக்கு எதுக்குடா மூக்குக் கண்ணாடி?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். நண்பனின் காலைக் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு. கயிற்றைக்கூட எடுக்கவில்லை. தனி ஆள் கயிறு கட்டினால் முனைக்கு முனை நாலு தடவை நடக்க வேண்டும். கண்ணாலேயே அளந்து கோடு போட்டேன்.

முக்கால்வாசி நேராகத்தான் வந்தது. தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்தபோது ஒரு குட்டை. பெரிதல்ல, ஒரு எருமை படுத்தால் நிரம்பிவிடும். அது கோடு போக வேண்டிய பாதையின் மேல் கிடந்தது.

இறங்கி நடந்தால் கணுக்கால் அளவு சேறு. என் காலில் என்ன இருந்தது என்று முன்பே சொன்னேன். முந்தின நாள் வாங்கியது. எதிர் அணிக் கல்லூரியிலிருந்து பெண்கள் இருவர் தேநீருக்கு வருவதாகத் தகவல். அந்தச் சப்பாத்துக்கு வெள்ளைப் பாலிஷ் வேறு போட்டு, ஜன்னலில் காயவைத்து, காலையில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

குட்டையைச் சுற்றி நடந்தேன். டின் ஊற்றிக்கொண்டே வந்தது. கோடு மைதானத்துக்குள்ளே இரண்டடி வளைந்து, குட்டையைத் தாண்டியதும் மறுபடி தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். அழித்துவிட்டுப் போடலாம். யோசித்தேன், அது பொய்யல்ல. ஆனால் அது மைதானத்தின் கோடியில், கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில். ஆறு ஆட்டங்களில் எங்கள் ஆட்கள் பந்தோடு எதிரிகளின் கோட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போனதே கிடையாது. அங்கே கோடு வளைந்தால் என்ன, அறுந்தால் என்ன?

மதிய வெயிலில் குட்டை வற்றி மேல்மண் காய்ந்துவிட்டது. கோடு மட்டும், ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு வளைந்து கிடந்தது. மர நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. நடுவராக வந்த ராணுவ சார்ஜண்ட் கம்பங்களை ஆட்டிப் பார்த்தார், பந்தை அமுக்கிப் பார்த்தார். கோட்டைப் பார்க்கவில்லை. கோடு என்றால் நேராக இருக்கும் என்று நம்பும் ஊரிலிருந்து வந்தவர்.

கை தானாகப் போனது

அன்று எங்கள் ஆட்களுக்கு என்ன பிடித்ததோ தெரியாது. முதல் பாதியில் எதிரிகள் ஒரு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று எடுத்தார்கள். இரண்டாம் பாதியில் கிம் செங் ஒன்று உதைத்தான். மூன்றுக்கு மூன்று. அந்தப் பருவத்தில் எங்கள் முதல் புள்ளிகள். சமையற்காரர் அடுப்பை விட்டுவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

சார்ஜண்ட் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது பந்து அந்தோணியிடம் வந்தது.

அவன் சிலுவை போட்டுக்கொண்டானா என்று நான் பார்க்கவில்லை. ஓடிவிட்டான். ஒருவனை ஏமாற்றி, ஒருவனைத் தோளால் தள்ளி, ஓரக்கோட்டை ஒட்டித் தண்டவாளத்தில் போகிற மாதிரி வந்தான். உள்பக்கத்திலிருந்து மூன்று பேர் துரத்தினார்கள். அவனுக்கு இருந்தது கோட்டை ஒட்டிய அந்தச் சந்து மட்டும்.

தன் முன்னால் கோடு வளைகிறது என்று அவனுக்குத் தெரியாது. ஓடுகிறவன் எதிரே பார்ப்பான். காலடியைப் பார்ப்பவன் லைன்ஸ்மேன்.

நான் பார்த்தேன். இடது கால். சுண்ணாம்பு புகை மாதிரி எழும்பியது.

என் கை தானாக மேலே போனது. ஆறு ஆட்டங்கள் பழகிய கை. காலைக் கண்டால் கொடியைத் தூக்கும். மூளைக்குச் செய்தி போவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்தோணி கடைசிக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து விழுந்தான். கூட்டம் கத்தியது. சமையற்காரர் கரண்டியை மேலே எறிந்தார். சார்ஜண்ட் விசிலை வாயில் வைத்தபடி திரும்பினார். என் கொடியைப் பார்த்தார்.

கைகளை விரித்து, செல்லாது என்று காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம் கூட ஆட்டம் நடக்கவில்லை. மூன்றுக்கு மூன்று. அந்தப் பருவத்திலேயே நாங்கள் தோற்காத ஒரே ஆட்டம். ஆனால் துரை கேட்டது வெற்றி.

சுண்ணாம்புச் சாட்சி

கிம் செங் என்னிடம் வந்தான். முகத்தில் பாதி சேறு.

"லைன்ஸ்மேன் எந்தக் காலேஜ் லா? நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"கோட்டை மிதிச்சான்."

"நெசமா பாத்தியா?"

"பாத்தேன்."

அத்தனையும் உண்மை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லலாம். இன்னும் ஒரு வாக்கியம் மீதி இருந்தது: 'ஆனா கோடு கோணல், வந்து பாருங்க.' ஐந்து வார்த்தை. சார்ஜண்ட் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். கூப்பிட்டால் வந்து பார்த்திருப்பார். ஏன் கோணல் என்று கேட்பார். சப்பாத்து என்று சொல்ல வேண்டும். எல்லோரும் என் காலைப் பார்ப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டேன்.

இன்னும் நாலைந்து பேர் என்னைச் சுற்றி வந்தார்கள். ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். அவர்களை விலக்கிக்கொண்டு அந்தோணி வந்தான். தரையில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினான்.

"விடு லா அவனை. இங்க பாரு, என் சப்பாத்துல சுண்ணாம்பு. அவன் பொய் சொல்ல மாட்டான். நான் அஞ்சு வயசுல இருந்து பாக்குறேன்."

விளிம்பில் வெள்ளையாக ஒரு கீற்று. எல்லோரும் பார்த்தார்கள். காலரைப் பிடித்தவன் விட்டுவிட்டான்.

"நான்தான்டா கவனிக்கல" என்றான் அந்தோணி என்னிடம். "நேராத்தான் ஓடுறேன்னு நெனச்சேன்."

தேநீர் நடந்தது. பெண்கள் இருவரும் வந்தார்கள். என் காலை அவர்கள் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அன்று முதல் முறையாக எனக்குக் கறிபாப் இறங்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, மைதானத்துக்குத் திரும்பிப் போனேன். மரத்தடியில் அந்த வளைவு அப்படியே கிடந்தது. காலால் தேய்த்தேன். காய்ந்த சுண்ணாம்பு சீக்கிரம் போகாது. அடிச் சேற்றைக் கிளறி மேலே இழுத்துத் தேய்த்தேன். எந்தச் சேற்றுக்குப் பயந்து கோட்டை வளைத்தேனோ, அதே சேற்றில் கணுக்கால்வரை நின்று, அந்தச் சப்பாத்தாலேயே வளைவை அழித்தேன்.

நிமிர்ந்தபோது சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் அந்தோணி. குழாயடியில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடுற?"

"பேனா விழுந்துருச்சு."

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

நான் அருகில் போனதும் அவன் என் காலைப் பார்த்தான். சைக்கிளை எடுத்தான். ஏற்றம் வந்தபோது, அவன் கேட்காமலே நான் இறங்கி நடந்தேன்.

துரையின் மேஜை

திங்கட்கிழமை காலை மன்றத்தில் துரை பேசினார். தன் அணிக்கு எதிராகக் கொடி உயர்த்திய மாணவனைப் பற்றி. வெற்றியைவிடப் பெரியது ஒன்று உண்டு என்றார். அதைக் கண்டுகொண்டோம் என்றார். கைதட்டச் சொன்னார். அதே பேச்சின் கடைசியில், தாம் சொன்ன சொல் தவறுவதில்லை என்பதால் ரக்பி அணி கலைக்கப்படுகிறது என்றார். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் துரையின் அறைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு. வாசகங்களைக்கூடத் தயாரித்து, ஆங்கிலத்தில் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னால் அணி பிழைக்கும். ஆட்டத்தை மறுபடி ஆடச் சொல்வார். அந்தோணி கேப்டன்.

"நானே உன்னைக் கூப்பிட நினைத்தேன்" என்றார் துரை. மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய்ந்து தயாராக இருந்தது. "உன் எதிர்காலத்துக்கு உதவும்."

அந்தத் தாள்தான் போன வாரம் நான் பீற்றிக்கொண்டது.

வாங்கிக்கொண்டேன். "நன்றி, சார்" என்றேன். ஒத்திகை பார்த்த வாசகங்களில் அது இல்லை.

மூன்று முழம் மல்லிகை

அந்தச் சான்றிதழால் எனக்குக் கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பிறகு பத்திரிகை வேலை. மொத்தம் மூன்று இடங்களில் அதைக் காட்டியிருக்கிறேன். மூன்று இடத்திலும் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் நேர்மையாகத் திருப்பிப் பார்த்தேன்.

மைதானத்தில் சோதனைக்கூடம் எழுந்தது. அந்தோணி மறு வருஷப் படிப்பையும் முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனான். சைக்கிள் எங்கள் வாசலுக்கு வருவது குறைந்து, நின்றது. அவன் நிறுத்தினான் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவன் வாயால் மணி அடித்தபோதெல்லாம், நான் வீட்டில் இல்லை என்று அக்காவைச் சொல்லவைத்தேன்.

ஒருமுறை தெக்கா மார்க்கெட்டில் அவன் எதிரே வருவதைப் பார்த்துவிட்டுப் பூக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். கடைக்காரர், "எத்தனை முழம் தம்பி?" என்றார். எதற்கு நுழைந்தேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? மூன்று முழம் மல்லிகை வாங்கினேன். கல்யாணமாகாத ஆள் மூன்று முழம் மல்லிகையோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்! அம்மா பெண்ணின் பெயரைக் கேட்டே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. போகவில்லை. வாழ்த்துத் தந்தி அடித்தேன். தந்தி சுருக்கமாக இருக்கலாம் என்பதில் ஒரு வசதி.

கயிற்றின் இன்னொரு முனை

அறுபதுகளின் நடுவில், சுவா சூ காங் பக்கத்துத் தோட்டங்களைப் பற்றி எழுதுவதற்காகப் பத்திரிகை என்னை அனுப்பியது. அப்போது அங்கே அடுக்குமாடி ஏது? பன்றிப் பண்ணை, காய்கறிப் பாத்தி, செம்மண் பாதை. லோரி கிளப்பிய தூசியில் என் கறுப்புத் தோல் சப்பாத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து நடந்தேன்.

வழியில் கம்பம் எனப்படும் கிராமம் ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம். விடுமுறை நாள். பின்னால் திடலில் ஓர் ஆள் தனியாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தார். கையில் பால் டின்.

முதுகை வைத்தே தெரிந்துவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். அங்கே பூக்கடை இல்லை.

"கணேசனா?" என்றான். கொஞ்சம் தொப்பை. முன்தலை ஏறியிருந்தது. "வா வா. நல்ல நேரத்துல வந்த. அந்த முனையைப் பிடி."

கயிற்றை என் கையில் கொடுத்தான். எப்படி இருக்கிறாய், ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை, எதுவும் இல்லை. நான் மூலைக்குப் போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அவன் அந்த முனையைக் குச்சியில் கட்டிவிட்டு, டின்னை எடுத்துக்கொண்டு கயிற்றை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். மறுநாள் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயமாம்.

பாதி வழியில் ஒரு குட்டை.

நான் அதை முன்பே பார்த்துவிட்டேன். அவனும் பார்த்திருப்பான். நடையில் மாற்றமே இல்லை. போட்டிருந்த சப்பாத்தோடு நேராக உள்ளே இறங்கினான். டின் ஊற்றிக்கொண்டே போனது. சுண்ணாம்பு தண்ணீரில் பட்டதும் பால் மாதிரி கலைந்து பரவியது. கோடு நிற்கவில்லை. ஆனாலும் ஊற்றினான். அக்கரை ஏறி, தொடர்ந்து, என்னிடம் வந்து சேர்ந்தான்.

"தண்ணியில எங்கடா நிக்கும்?" என்றேன்.

"நிக்காது. வத்துனதும் வந்து இன்னொரு தரம் போடணும்." கயிற்றை என் கையிலிருந்து வாங்கிச் சுற்ற ஆரம்பித்தான். அவன் சப்பாத்திலிருந்து வெள்ளையும் சேறுமாக வழிந்தது. என் காலைப் பார்த்தான். அன்று குழாயடியில் பார்த்தானே, அதே மாதிரி.

"உன் சப்பாத்து நல்லா இருக்குடா" என்றான். "நீ எப்பவுமே நல்லாத்தான் வெச்சுக்குவ."

குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது என் தொழில். அவன் சும்மா சொன்னான். சொல்லிவிட்டுக் கயிறு சுற்றுவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

காத்திருந்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

"மழை வரும் போலருக்கு" என்றேன்.

வானத்தைப் பார்த்தான். ஒரு மேகம்கூட இல்லை. "ஆமா" என்றான். மீதிக் கயிற்றையும் சுற்றி முடித்தான்.

அதுதான் கடைசி. அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. அவன் புக்கிட் பாத்தோக் பக்கம் வீடு மாறிப் போனதாகக் கேள்வி. விசாரித்தால் முகவரி கிடைக்கும். இன்னும் விசாரிக்கவில்லை. ஆனால் இந்த இதழ் எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. அவனும் எப்போதாவது வாங்கலாம்.

அந்தோணி, கோடுதான் கோணல். நீ நேராகத்தான் ஓடினாய்.